மைனஸ் நூறு பேட்டிஸ்

லட்சுமி தாமரையை விட்டிறங்கிக் கம்பியூட்டருக்குள் குடியேறிவிட்டாள் என்ற செய்தி 1998ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்தது. ஏன் குடிபெயர்ந்தாள் என்று எவரும் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் வெள்ளவத்தையில் இருந்தவர்களில் பாதிப்பேர் எங்கிருந்தோ குடிபெயர்ந்து வந்தவர்கள்தான். ஆகையால் அவளையும் மறுபேச்சில்லாமல் சேர்த்துக்கொண்டார்கள். என்ன, மற்றவர்களைப்போல அவள் பொலிஸில் போய்ப் பதிய வேண்டியிருக்கவில்லை.

அவளுடைய புது முகவரி பாமன்கடையில் ஒரு வீட்டின் முன்னறை. வீட்டுக்காரர் ஸ்ரீலஸ்ரீ கணிதானந்த சுவாமிகள். பள்ளிக்கூடத்தில் கணிதத்தை மூன்று தரம் கோட்டைவிட்டவர். இரண்டு வருடத்துக்கு முன்புவரை வீடு வீடாகத் தண்ணீர் வடிகட்டிகள் விற்றுத் திரிந்தவர். இப்போது காவி வேட்டி, மார்பு வரை தாடி, கழுத்தில் உருத்திராட்சத்தோடு சேர்த்துக் கோத்த ஒரு கால்குலேட்டர். கம்பியூட்டருக்குப் பட்டுச் சால்வை, திரையின் நெற்றியில் சந்தனப்பொட்டு, மவுசுக்கு மல்லிகைச் சரம். கரண்ட் போனால் மேசைக்குக் கீழே இருக்கும் பற்றரிப் பெட்டி ‘கீக் கீக்’ என்று கத்தும். தேவி கோபித்துக்கொண்டாள் என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

கூட்டமென்றால் அப்படியொரு கூட்டம். எல்லாரும் சின்ன வியாபாரிகள். சண்டை எப்போது முடியும், சோதனைச் சாவடி எப்போது எடுபடும், சாமான் விலை எப்போது இறங்கும் என்று ஒன்றுமே தெரியாத நாட்களில், எதைச் செய்தால் லாபம் என்று அடித்துச் சொல்ல ஒரு ஆள் கிடைத்தால் விடுவார்களா? என்னென்ன பொருள் செய்கிறீர்கள், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு சாமானும் நேரமும் போகிறது, எதில் என்ன லாபம், நாளொன்றுக்குக் கையில் இருப்பது எவ்வளவு என்றெல்லாம் சுவாமிகள் கேட்டுத் தட்டிக்கொள்வார். கடைசியில் பிறந்த நட்சத்திரத்தையும் கேட்பார். அதை மட்டும் எங்கும் தட்ட மாட்டார். பிறகு கண்ணை மூடி, மந்திரம் சொல்லி, ஒரு பொத்தானை அமுக்குவார். திரையில் எண்கள் குதித்து மாறும். இதை இத்தனை செய், அதை இத்தனை செய் என்று தேவி சொல்லிவிடுவாள். எழும்பிப் போகும்போது மந்திரித்த செப்புத் தகடும் முடிச்சுக் கயிறும் விலைக்குக் கிடைக்கும்.

சிலருக்கு எண்ணின் முன்னால் ஒரு சின்னக் கோடு விழும். மைனஸ். அப்போது சுவாமிகள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்வார்.

“முற்பிறவிப் பாக்கி, மகனே. மைனஸ் என்றால் நீ கொடுக்கவேண்டியது. அந்தப் பாக்கி தீராமல் மற்றப் பொருளில் லாபம் வராது. தினமும் இங்கே கொண்டுவந்து சமர்ப்பித்துவிடு.”

ஆச்சரியம் என்னவென்றால், முற்பிறவியில் பாக்கி வைக்காத ஆள் அந்தப் பகுதியில் ஒருவரும் இருக்கவில்லை. தையற்கடை பழனியம்மாவுக்கு மைனஸ் ஆறு பிளவுஸ். ஆறும் தைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். சலூன்காரர் பெரியதம்பிக்கு மைனஸ் ஐந்து ஷேவ். சுவாமிகளுக்குத் தாடி இருந்ததால் அவருடைய மச்சான் வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போனார். டியூஷன் மாஸ்டர் பொன்னம்பலத்துக்கு மைனஸ் பதினொரு மாணவர். அவர், பீ.எஸ்ஸி. படித்த மனிதர், பதினொரு பிள்ளைகளையும் வரிசையாக்கிக் கூட்டிக்கொண்டு போனார். பிள்ளைகள் அங்கே இருந்து விபூதிப் பொட்டலம் கட்டினார்கள்.

இந்தக் கூட்டத்தில்தான் நாகேந்திரமும் போய் விழுந்தார்.

நாகேந்திரமும் மனைவி சரோஜினிதேவியும் வெள்ளவத்தையில் ஒரு ஒடுங்கலான கடை வைத்திருந்தார்கள். யாழ்ப்பாணத்தை விட்டு வந்தபிறகு அவர்களுக்கென்று இருந்தது அந்தக் கடை மட்டும்தான். அவர் ரோல்ஸ் சுற்றுவார், அவள் பேட்டிஸ் மடிப்பாள். ரோல்ஸ் எந்தக் கடையிலும் கிடைக்கும். சனம் அங்கே வந்தது பேட்டிஸுக்கு. உள்ளே, வறுத்த பெருஞ்சீரகமும் ஒரு சிட்டிகை தேசிக்காய்த் தோலும் போட்ட மட்டன் கறி. அவள் இடதுகைக்காரி, அதனால் பேட்டிஸின் விளிம்புச் சுருக்கம் மற்றவர்கள் மடிப்பதற்கு எதிர்ப்பக்கமாக விழும். மொத்தக்கடைக்காரர் நாளுக்கு ஒன்பது கிலோ மாதான் தருவார். அதை வைத்து ஏதோ கையைக் கடிக்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

ஒருநாள் நாகேந்திரம் நெற்றி நிறைய விபூதியோடு வந்து நின்றார்.

“சரோ, தேவி சொல்லிப்போட்டா. ரோல்ஸ் முந்நூறு. பேட்டிஸ் மைனஸ் நூறு.”

“மைனஸ் நூறெண்டா?”

“உம்முடைய பேட்டிஸ்தானாம் எங்கட பாக்கி. ஒவ்வொரு நாளும் நூறு பேட்டிஸ் சுவாமியிட்ட போகோணும். போனால் முந்நூறு ரோல்ஸ் தன்பாட்டில வரும்.”

“எங்கயிருந்து வரும்?”

“சும்மா இரும். தெய்வ விஷயத்தில குறுக்குக் கேள்வி கேக்கக் கூடாது.”

தன் கைப் பேட்டிஸைப் பாக்கி என்று கட்டின மனிதனே சொன்னபோது அவளுக்கு அழுகை வந்தது. கோபம் அதைவிட வேகமாக வந்தபடியால் அழ நேரம் கிடைக்கவில்லை. அடுப்படிக்குள் போய் மாவைப் போட்டு அடித்தாள்.

மறுநாள் முதல் நூறு பேட்டிஸ் தட்டத்தில் ஏறியது. தூக்க ஆள் போதாமல் முதல் நாள் அவளும் கூடப் போகவேண்டி வந்தது. சந்திச் சாவடியில் ஒரு இளம் ஆமிக்காரன் மறித்து, இது என்னவென்று கேட்டான்.

“மேக்க மொக்கத?”

“பேட்டிஸ், சேர்,” என்றார் நாகேந்திரம்.

“ஒக்கோம பேட்டிஸ்?” எல்லாமே பேட்டிஸா என்பது அவன் சந்தேகம். “காட்டத?”

யாருக்கென்று கேட்டால் என்ன சொல்வது? மைனஸ் நூறைச் சிங்களத்தில் விளங்கப்படுத்த நாகேந்திரத்தால் முடியவில்லை. “தெய்யன்ட,” என்றார். கடவுளுக்கு.

கடவுளுக்கு மட்டன் பேட்டிஸா? அவன் நம்பவில்லை. ஒன்றைப் பிய்த்து உள்ளே பார்த்தான். இன்னொன்றையும் பிய்த்தான். பிய்த்ததை வீணாக்காமல் வாயில் போட்டான். “ஹரி ரசய்,” நல்ல ருசி, என்று தலையாட்டி, கூட நின்றவனுக்கும் இரண்டு கொடுத்தான். இந்தப் பொடியனாவது ஏன், ஆருக்கு என்று கேட்டானே என்று சரோஜினிதேவி நினைத்தாள். அவனுக்குக் கொடுத்ததில் அவளுக்கு மனவருத்தமே இருக்கவில்லை. சுவாமிகளோ தட்டத்தை எண்ணிப் பார்த்துவிட்டு, “குறைகிறதே, தேவி பொறுக்கமாட்டாள்,” என்றார். அடுத்த நாளிலிருந்து நாகேந்திரம் சாவடிக்கென்று தனியாகப் பத்துப் பேட்டிஸ் கூடச் சுடச் சொன்னார்.

ஒன்பது கிலோ மாவில் மூன்று கிலோவுக்கு மேல் இப்படித் தட்டத்தில் போனது. மிச்ச மாவில் நூற்றைம்பது ரோல்ஸ் வருவதே பெரிய பாடு. கடையில் பேட்டிஸ் இல்லை. கேட்டு வந்த சனம் முகத்தைச் சுளித்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனது. மற்ற நூற்றைம்பது ரோல்ஸ் எங்கே என்று சுவாமிகளைக் கேட்டால், “நம்பிக்கை முழுமையாகும் நாளில் வரும்,” என்றார். மாதம் முடிவதற்குள் கடையைக் கொடுத்துவிட்டுத் தமையன் வீட்டு விறாந்தையில் பாய்போட வேண்டியதுதான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. நாகேந்திரத்துக்கும் தெரியும். தெரிந்தபடியால்தான் இன்னும் இறுக்கமாக விபூதி பூசினார்.

வேறு வழி தெரியாமல் சரோஜினிதேவி ஒரு செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போனாள். சைவக்காரி அந்தோனியாரிடம் போகலாமா என்று கேட்காதீர்கள். செவ்வாய்க்கிழமையில் கொழும்பில் அரைவாசிச் சைவம் அங்கேதான் நிற்கும். புருஷனைச் சுவாமியிடமிருந்து மீட்டுத்தா என்று புனிதரிடம் மனுக்கொடுத்தாள். பேயை ஓட்ட இன்னொரு பேயிடம் போன கதைதான், ஆனால் அவளுடைய மனநிலையில் நீங்களும் போயிருப்பீர்கள். மெழுகுதிரி கொளுத்திவிட்டுக் கொட்டாஞ்சேனைப் பக்கமாக நடந்து வந்தபோது பசித்தது. மாக்ரெட் என்ற பெண் நடத்திய பெட்டிக்கடையில் ஒரு பேட்டிஸ் வாங்கிக் கடித்தாள்.

வறுத்த பெருஞ்சீரகம். தேசிக்காய்த் தோல்.

வாயில் இருந்ததை விழுங்காமல் கையில் இருந்ததைத் திருப்பிப் பார்த்தாள். சுருக்கம் எதிர்ப்பக்கமாக விழுந்திருந்தது. தன் பேட்டிஸைத் தானே காசு கொடுத்து வாங்கித் தின்றுகொண்டிருந்தாள்.

“இது ஆர் சுட்டது, தங்கச்சி?”

“நல்லா இருக்கா, அக்கா? பாமன்கடை சாமியாரோட மச்சான் ஒஸ்வால்ட் அண்ணன் டெய்லி கொண்டாந்து போடுறாரு. பிளவுஸும் இருக்கு, பாக்குறீங்களா? உங்க சைஸ் வரும்.”

மச்சான் ஒஸ்வால்ட். நல்ல வழுவழுப்பான ஷேவோடு திரிகிற அதே மச்சான். சுவாமிகளின் குடும்பத்தில் மத வித்தியாசம் பார்ப்பதில்லை போலிருக்கிறது.

வெள்ளவத்தைக்குத் திரும்பியதும் அவள் கடைக்குப் போகவில்லை. கடைக்கு மேல்மாடியில் கம்பியூட்டர் வகுப்பு நடத்தும் ஹமீமாவிடம் போனாள். ஹமீமா கதையைக் கேட்கக் கேட்க முதலில் புருவத்தை உயர்த்தினாள். மைனஸ் நூறு பேட்டிஸ் என்றதும் மேசையில் தலையை வைத்துச் சிரிக்கத் தொடங்கினாள்.

“அல்லாஹ்வே! அந்தாள எனக்குத் தெரியும், அக்கா. தாடி இல்லாம எங்கட கிளாஸுக்கு வந்த. மூணு கிளாஸோட நிண்டுட்டார்.”

“அப்ப அது தேவி இல்லையோ?”

“எக்செல், அக்கா. சாமான் இவ்வளவுதான் ஈக்கி, நேரம் இவ்வளவுதான் ஈக்கி, அந்த எல்லைக்குள்ள எதை எவ்வளவு செஞ்சா லாபம் கூடண்டு பாக்குற கணக்கு. நல்ல கணக்கு. நான் மூணாவது கிளாஸில படிச்சுக் குடுக்குற. ஆனா ஒரு கட்டம் ஈக்கி. அதில சரி போட்டாத்தான் எண்ணிக்கை சைபருக்குக் கீழ போகாது. போடாட்டி மெஷின் என்ன நெனக்கும் தெரியுமா? பேட்டிஸ மைனஸா சுட்டா மா திரும்பிக் கைக்கு வரும், நேரமும் திரும்பி வரும், அதில இன்னும் ரோல்ஸ் சுடலாம் எண்டு.”

“பொரிச்ச பேட்டிஸ் எப்பிடித் திரும்ப மாவாகும்?”

“உங்களுக்குத் தெரியும். மெஷினுக்குத் தெரியாது. அந்தக் கட்டத்த நான் நாலாவது கிளாஸில சொல்ற.”

சரோஜினிதேவி விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். தன் கடை, தன் கை, தன் புருஷனின் புத்தி எல்லாம் ஒரு ஆள் நாலாவது வகுப்புக்குப் போகாத காரணத்தால் போய்க்கொண்டிருந்தன.

“வெள்ளிக்கிழமை என்னோட வாறீங்களோ, டீச்சர்?”

“வராம? என்ட ஸ்டூடன்ட் அல்லவா!”

வெள்ளிக்கிழமை முன்னறை நிரம்பி வழிந்தது. நாகேந்திரம் தட்டத்தோடு முன்வரிசையில் இருந்தார். மனைவி ஹமீமாவையும் கூட்டிக்கொண்டு, மா குழைக்கும் பேசினோடு வருவதைக் கண்டு, சமர்ப்பிக்க இன்னும் ஏதோ கொண்டுவருகிறாள் என்று பூரித்துப்போனார். அவள் நேரே போய் வெறும் பேசினைச் சுவாமிகளின் முன்னால் வைத்தாள்.

“சுவாமி, ஒரு சின்னச் சந்தேகம். ஒரு ரோல்ஸுக்கு நாப்பது கிராம் மா. முந்நூறு ரோல்ஸுக்கு எவ்வளவு?”

சுவாமிகள் கழுத்துக் கால்குலேட்டரைத் தொட்டார். அதற்குள் பின்னால் இருந்து டியூஷன் மாஸ்டர் பொன்னம்பலம் பழக்கதோஷத்தில் கத்திவிட்டார்: “பன்னிரண்டு கிலோ!”

“எங்களிட்ட இருக்கிறது ஒன்பது. மிச்சம் மூண்டு கிலோ எங்கயிருந்து வரும்?”

“தேவியின் கடாட்சம், தாயே.”

“இல்லை, சுவாமி. நூறு பேட்டிஸில இருக்கிற மா சரியா மூண்டு கிலோ. நீங்கள் சொல்லுற மைனஸ் அதுதான். பேட்டிஸ் திரும்பி மாவாகினால்தான் கணக்குச் சரிவரும். இந்தாங்கோ நூறு பேட்டிஸ். இந்தாங்கோ பேசின். மாவாக்கித் தாங்கோ, நான் இதிலயே இருந்து ரோல்ஸ் சுத்துறன்.”

நாகேந்திரம் அவளுடைய சீலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார்.

“என்னப்பா இது, மானம் போகுது!”

“மா போனது பறவாயில்லையோ?” என்றாள் அவள்.

கூட்டத்துக்கு ஆவல் வந்துவிட்டது. அவர்களுக்குச் சுவாமிகளில் சந்தேகம் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அற்புதம் பார்க்க ஆசை, அவ்வளவுதான். “செய்யுங்கோ சுவாமி, செய்து காட்டுங்கோ!” என்று பக்திப் பரவசத்தோடு கத்தினார்கள். பக்தர்களே வற்புறுத்தும்போது சுவாமிகள் என்ன செய்வார்? ஒரு பேட்டிஸை எடுத்தார். மந்திரம் சொன்னார். பிசைந்தார். மட்டனும் உருளைக்கிழங்கும் விரலிடுக்கில் பிதுங்கின. இன்னொன்றை எடுத்துப் பிசைந்தார். தாடியில் எண்ணெய் வழிந்தது. கரண்ட் வேறு போய், பற்றரிப் பெட்டி ‘கீக் கீக்’ என்று கத்தியது. இந்தமுறை ஒருவரும் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. எல்லாரும் பேசினைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“மா வந்திட்டுதோ?” என்று பழனியம்மா எட்டிப் பார்த்தாள். “சாமி, இது என்னங்க, வாந்தி எடுத்த மாதிரில்ல இருக்கு!”

யாரோ சிரித்தார்கள். அந்த முதல் சிரிப்பைத்தான் சுவாமிகளால் தாங்க முடியவில்லை. “நம்பிக்கையற்றவர்கள் உள்ளே இருக்கிறார்கள், தேவி எழுந்து போகிறாள்!” என்று கத்திக்கொண்டு எழும்பப் பார்த்தார். ஹமீமா அதற்குள் கம்பியூட்டரின் முன்னால் இருந்துவிட்டாள்.

“தேவி எங்கயும் போகல்ல, பற்றரியில ஈக்கிறா. நீங்க நாலாவது கிளாஸுக்குத்தான் வரல்ல. பாருங்க, இந்தக் கட்டம்.” மவுசின் மல்லிகையை ஒரு பக்கம் தள்ளி, நாகேந்திரத்தின் கணக்கைத் திறந்து ஒரு சரியைப் போட்டாள். பொத்தானை அமுக்கினாள். திரையில் கோடு மறைந்தது. பேட்டிஸ் பூச்சியம், ரோல்ஸ் இருநூற்றிருபத்தைந்து. பழனியம்மாவின் எண்களைத் தட்டினாள். ஆறு பிளவுஸ் முற்பிறவிப் பாக்கியும் மறைந்தது. ஒரு சின்னச் சரி பத்துப்பேருடைய பூர்வஜென்மக் கர்மத்தை ஒரே அமுக்கில் தீர்த்துவைத்தது. எந்தத் தீர்த்தமும் இவ்வளவு வேலை செய்ததில்லை.

“அப்ப குடுத்ததெல்லாம் எங்க போச்சு?” என்று கேட்டார் சலூன்காரர் பெரியதம்பி.

“கொட்டாஞ்சேனையில மாக்ரெட்டின்ர பெட்டிக்கடையில,” என்றாள் சரோஜினிதேவி. “என்ர பேட்டிஸை நானே காசு குடுத்து வாங்கித் திண்டனான். பழனியம்மாவின்ர பிளவுஸும் அங்கதான் தொங்குது. சுவாமியின்ர மச்சான் கொண்டுபோய்ப் போடுறாராம்.”

கூட்டம் மெல்ல எழும்பத் தொடங்கியது. ஹமீமா கையைக் காட்டி நிறுத்தினாள். “இருங்க, இருங்க. இவர்ட வியாபாரத்தையும் ஒருக்காப் பாப்பம்.” சரியை எடுத்துவிட்டாள். செப்புத் தகடு ஒன்றுக்கு எவ்வளவு செம்பு, மந்திரத்துக்கு எவ்வளவு நேரம், முடிச்சுக் கயிறு ஒன்றுக்கு எவ்வளவு என்று கூட்டத்தையே கேட்டாள். வாங்கிப் பழகின கூட்டம், மனப்பாடமாகச் சொன்னது. பொத்தானை அமுக்கினாள்.

கயிறு நூற்றுச் சொச்சம். தகடு, மைனஸ் நாற்பது.

“பாக்கி!” என்று கூட்டம் ஒரே குரலில் கத்தியது.

அப்புறம் நடந்ததைச் சட்டத்தின் கண்ணால் பார்த்தால் கொஞ்சம் சிக்கல். சுவாமிகளின் பாக்கியைச் சுவாமிகளின் விதிப்படியே அவர்கள் வசூலித்துக்கொண்டார்கள். தகடு தீர்ந்தபோது பட்டுச் சால்வைக்குப் போனார்கள். பெரியதம்பி கடைக்கு ஓடிப்போய்க் கத்தரிக்கோலும் சவரக்கத்தியும் கொண்டுவந்து, “ஐந்து ஷேவ் மிச்சம் இருக்கு,” என்றார். சுவாமிகள் அன்று தாடியில்லாமல் கொட்டாஞ்சேனை பஸ் ஏறியதாகக் கேள்வி. சாவடிப் பொடியனுக்கு அவரை அடையாளம் தெரியவில்லையாம்.

நாகேந்திரம் தட்டத்தைத் தூக்கிக்கொண்டு மனைவியின் பின்னால் நடந்தார். பாலத்தடியில் நின்று ஒரு பேட்டிஸை எடுத்துக் கடித்தார்.

“சரோ, நான் உம்முடைய பேட்டிஸைப் பாக்கியெண்டு சொன்னனான் என்ன?”

“ஓம்.”

“மன்னிச்சுக்கொள்ளும்.” வாய் நிறைய இருந்ததால் சரியாகக் கேட்கவில்லை. ஆனால் அவளுக்குக் கேட்டது. நெஞ்சில் கிடந்த பாறாங்கல் அப்போதுதான் இறங்கியது.

ஆனால் ஒரு குறை அவள் மனதில் கிடந்தது. அடுத்த நாள் ஹமீமாவிடம் கேட்டாள்: “சரி போட்ட பிறகும் பேட்டிஸ் பூச்சியம் எண்டுதானே வந்தது? அப்ப என்ர பேட்டிஸ் ஒண்டுக்கும் உதவாதோ?”

“உங்கட கடைக்கு ஆக்கள் வாறது பேட்டிஸுக்குண்டு மெஷினுக்கு ஆரும் சொன்னயா, அக்கா? சொல்லாதது அதுக்குத் தெரியாது.” ஒரு நாளைக்குக் குறைந்தது எண்பது பேட்டிஸ் இருக்கவேண்டும் என்று ஹமீமா ஒரு வரி சேர்த்தாள். பேட்டிஸ் எண்பது, ரோல்ஸ் நூற்றறுபத்தைந்து என்று வந்தது. நாகேந்திரம் மாவை நிறுத்துப் பார்த்தார். ஒன்பது கிலோ, துளி கூடவுமில்லை, குறையவுமில்லை. அடுத்த கிழமை எதிர்க்கடைக்குப் போன சனம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. கடை தப்பியது.

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நம்முடைய சனம் முடிய விடுமா?

இரண்டு கிழமை கழித்து சரோஜினிதேவி மாடிக்குத் தேநீர் கொண்டுபோனாள். படிக்கட்டு முழுக்கச் செருப்பு. ஊதுபத்தி வாசம். டியூஷன் மாஸ்டர் பொன்னம்பலம் வாசலில் ஒரு பெரிய செவ்வந்தி மாலையோடு நின்றார். உள்ளே ஹமீமா கம்பியூட்டரைக் கட்டிப்பிடித்துக் காத்துக்கொண்டு, “போடாதீங்க! கீபோட்டுக்குள்ள இதழ் போகும்!” என்று கத்திக்கொண்டிருந்தாள்.

“என்ன மாஸ்டர் இது?” என்று கேட்டாள் சரோஜினிதேவி.

“அந்தச் சுவாமி கள்ளன், தங்கச்சி. விட்டுத்தள்ளும். உண்மையான சக்தி இந்த மெஷினிலதான் இருக்குது. ஒரு சரி போட்டவுடன கர்மமெல்லாம் போச்சே, கண்ணால கண்டனாங்கள்தானே! அதுதான் ஒரு மாலை.”

அவள் தேநீர்த் தட்டத்தைக் கீழே வைத்தாள். மாலையை அவர் கையிலிருந்து மரியாதையாக வாங்கினாள். பீ.எஸ்ஸி. படித்த அந்தத் தலையிலேயே அதை மெல்ல வைத்தாள்.

“பூசை போடுறதெண்டால் இதுக்குப் போடுங்கோ, மாஸ்டர். வாங்கின நாளிலயிருந்து திறக்காமல் கிடக்குது.”